‘கொஞ்ச நாள்தானே’ என்பவர்களுக்கு

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் நுரையீரல் புற்றுநோய் முற்றிய ஒருவருக்கு முகம் வீங்கி, கழுத்து பருத்து, படுத்தால் மூச்சு முட்டும் நிலை வந்துவிட்டால், அவரைச் சுற்றி நிற்பவர்கள் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வருகிறார்கள். “ஸ்டென்ட் எல்லாம் ஹார்ட்டுக்கு வைக்கிறது. இவருக்குக் கொஞ்ச நாள்தானே, எதுக்கு வீண் செலவு? ஊசி போட்டுட்டு வீட்டுல வெச்சுப் பாத்துக்கலாம்.” வீட்டார் மட்டும் இப்படிப் பேசுவதில்லை. படித்தவர்களும், சில சமயம் மருத்துவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்பது நெடுநாள் வாழப்போகிறவருக்கான முதலீடு, சாகப்போகிறவருக்கு அது ஆடம்பரம் என்பது இந்தக் கருத்தின் அடித்தளம். அக்கறையோடுதான் சொல்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கணக்கு தலைகீழாகப் போடப்பட்டிருக்கிறது. மிச்சமிருக்கும் நாள் குறைவு என்பதுதான் இந்தச் சிகிச்சையை உடனே செய்வதற்கான முதல் காரணம்.

உடலில் நடப்பதை முதலில் பார்ப்போம். தலை, கழுத்து, இரண்டு கைகள், மார்பின் மேல்பகுதி ஆகியவற்றிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் முழுவதும் மேற்பெருஞ்சிரை என்ற ஒரே குழாய் வழியாகத்தான் வந்தாக வேண்டும். ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர் நீளம், இரண்டு சென்டிமீட்டர் அகலம். தமனியைப் போலத் தடித்த சுவர் இதற்குக் கிடையாது. உள்ளே அழுத்தமும் குறைவு. அதனால் பக்கத்தில் வளரும் கட்டியோ, வீங்கிய நெறிக்கட்டியோ இதை எளிதில் நசுக்கிவிடுகிறது. இப்படி ஓர் அடைப்பை 1757இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் முதலில் பதிவு செய்தார். அவருடைய நோயாளிக்குக் காரணம் சிபிலிஸ் நோயால் வீங்கிய பெருந்தமனி. இன்று பெரும்பான்மைக் காரணம் புற்றுநோய், அதிலும் நுரையீரல் புற்றுநோய். கருங்கல் குவாரிகளும் கல்லறுக்கும் பட்டறைகளும் நிறைந்த, இரவு பகலாக டீசல் லாரிகள் ஓடும் ஒரு மாவட்டத்தில் இதை யாருக்கோ எவருக்கோ வரும் நோய் என்று தள்ளிவிட முடியாது. கல் தூளில் உள்ள சிலிக்காவை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்தது. டீசல் புகையை 2012இல் அதே வகையில் சேர்த்தது. பீடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடைப்பு வந்தவரின் துன்பம் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ‘முகத்துல நீர் கோத்துக்கிச்சு’ என்ற அளவில்தான் தெரியும். காலையில் கண் திறக்க முடியாத அளவுக்கு இமை தடித்திருக்கும். உட்கார்ந்து சில மணி நேரம் ஆனால் சற்று வடியும். செருப்பு மாட்டக் குனிந்தால் தலைக்குள் ரத்தம் திரண்டு வெடிப்பதுபோல் வலிக்கும். போன மாதம் வரை போட்ட சட்டையின் மேல் பட்டன் இப்போது எட்டாது. மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். மார்புத் தோலில் நீலச் சிரைகள் புடைத்து நிற்கும். அவை மாற்றுவழி தேடும் ரத்தத்தின் பாதைகள். எல்லாவற்றையும்விடக் கொடியது, படுக்க முடியாமல் போவது. சுவரில் சாய்ந்தும் நாற்காலியில் தலை கவிழ்ந்தும் இரவுகளைத் தள்ள வேண்டும். இந்த நிலையில் வருபவருக்குக் கிட்னி கோளாறு, அலர்ஜி, டிபி என்று ஆளுக்கொரு பெயர் வைத்து வாரங்கள் கழிவது நம் ஊர்களில் நடக்கிறது. வீக்கத்துக்கு லாசிக்ஸ், மூச்சுக்கு டெக்ஸா என்ற ஸ்டீராய்டு, பலவீனத்துக்குக் கையில் ஒரு டிரிப். வடிகால் அடைத்துக் கிடக்கும் பக்கத்திலேயே அந்த டிரிப் இன்னும் நீரைக் கொட்டுகிறது. மேற்பெருஞ்சிரை அடைத்தவருக்கு ஊசி காலில் ஏற்றப்பட வேண்டும் என்ற சின்ன விஷயம்கூடப் பரவலாகத் தெரிந்திருக்கவில்லை.

இதற்கு வழக்கமான பதில் கதிர்வீச்சு. ‘இது ரேடியேஷன் எமர்ஜென்சி’ என்று மருத்துவப் பாடநூல்கள் ஒரு தலைமுறைக்குச் சொல்லிக்கொடுத்தன. அந்தக் காலத்தில் அது சரி, வேறு வழி இருக்கவில்லை. ஆனால் 1986இலேயே அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் சார்ன்சங்கவெஜ் குழுவினர், உலோக ஸ்டென்ட்டைக் கொண்டு பெருஞ்சிரை அடைப்பைத் திறந்து காட்டிவிட்டார்கள். ஏறக்குறைய நாற்பதாண்டு ஆகிறது. இதைப் ‘புதுசா ஏதோ’ என்று பேசுவதற்கு இனி இடமில்லை.

எண்களைப் பார்க்கலாம். நுரையீரல் புற்றுநோயால் வரும் இந்த அடைப்புக்கான சிகிச்சைகளைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளை ரோவெல், கிளீசன் என்ற இருவர் திரட்டி, மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் கோக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வாக வெளியிட்டார்கள். சிறு செல் வகைப் புற்றுநோயில் கீமோவோ கதிர்வீச்சோ கொடுத்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 77 பேருக்கு அடைப்பின் துன்பம் தணிந்தது. மற்ற வகைகளில் கீமோவால் 59 பேருக்கும் கதிர்வீச்சால் 63 பேருக்கும் தணிந்தது. ஸ்டென்ட் வைத்தவர்களில் 95 பேருக்குத் தணிந்தது. பிறகு மீண்டும் அடைத்துக்கொண்டவர்கள் 11 சதவீதம். அவர்களிலும் பலருக்கு மறுபடி திறக்க முடிந்தது. இவை பெரும்பாலும் தனித்தனி ஆய்வுகளிலிருந்து திரட்டிய எண்கள், நேருக்கு நேர் போட்டியிட்டவை அல்ல என்ற குறையை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குறையைப் போக்கத்தான் ஜப்பானில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். மேற்பெருஞ்சிரையோ கீழ்ப்பெருஞ்சிரையோ புற்றுநோயால் அடைத்தவர்களில் ஒரு பாதிக்கு ஸ்டென்ட், மறு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. 2019இல் வெளிவந்த முடிவு, துன்பத்தைத் தணிப்பதில் ஸ்டென்ட் மேல் என்று காட்டியது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் திசை மாறவில்லை.

சதவீதத்தைவிட முக்கியமானது வேகம். கதிர்வீச்சுக்குப் பிறகு வீக்கம் வடிய நாட்கள் ஆகும், பலருக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். ஸ்டென்ட் வைத்தவருக்குத் தலைவலியும் மூச்சுத் திணறலும் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ குறைகின்றன, முகவீக்கம் இரண்டு மூன்று நாளில் வடிகிறது. இதை ‘கொஞ்ச நாள்தானே’ என்ற வாதத்தோடு சேர்த்துப் பாருங்கள். புற்றுநோயால் மேற்பெருஞ்சிரை அடைத்தவர்களின் ஆயுள், பல ஆய்வுகளின்படி, சராசரியாக ஆறு மாத அளவில் இருக்கிறது. 180 நாள் கையில் இருப்பவருக்கு 18 நாள் காத்திருப்பு பத்தில் ஒரு பங்கு. அறுபது நாளே இருப்பவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஐந்தாண்டு வாழப்போகிறவர் மூன்று வாரம் பொறுக்கலாம். ஐந்து வாரம் மட்டுமே இருப்பவரிடம் மூன்று வாரத்தைக் கேட்பது எந்த நியாயம்? மெதுவான சிகிச்சை அவருக்குத்தான் கட்டுப்படியாகாது.

சிகிச்சை எப்படி நடக்கிறது என்பது தெரியாததால்தான் ‘இந்த நிலைமையில ஆபரேஷன் தாங்குவாரா’ என்ற பயம் எழுகிறது. இதில் மார்பைத் திறப்பதில்லை. முழு மயக்கமும் பெரும்பாலும் தேவைப்படாது. தொடை இடுக்கில் மரத்துப்போகும் ஊசி போட்டு, அங்குள்ள சிரை வழியாக மெல்லிய குழாயை மேலே செலுத்துகிறார்கள். சாயம் ஏற்றினால் அது திரையில் மேற்பெருஞ்சிரையின் வாயிலில் தேங்கி, பக்கவாட்டில் குறுகிய சிரைகளுக்குள் சிதறி ஓடுவது தெரியும். நெருக்கத்தின் ஊடே ஒரு கம்பியை நுழைப்பதுதான் கைத்திறன் கேட்கும் இடம். கம்பி கடந்துவிட்டால் அதன்மேல் ஸ்டென்ட் ஏறுகிறது. இதயத் தமனிக்கு வைப்பது மூன்று மில்லிமீட்டர் அளவு. இது 12 முதல் 16 மில்லிமீட்டர் வரை, உறையை விலக்கியதும் தானே விரியும் உலோக வலை. தேவைப்பட்டால் பலூனால் இன்னும் விரிக்கிறார்கள். மறுபடி சாயம் ஏற்றும்போது அது தேங்காமல் நேரே இதயத்துக்குள் இறங்குகிறது, சிதறி ஓடிய பக்கவழிகள் திரையிலிருந்து மறைந்துவிடுகின்றன. சிக்கலில்லாத நோயாளிக்கு ஒரு மணி நேர வேலை.

ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது. ஸ்டென்ட் நகரலாம், ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போகலாம், சிரை கிழிந்து இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கலாம். சிகிச்சை தொடர்பான மரணம் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் பதிவாகியிருக்கிறது. ஸ்டென்ட் வைத்த பின் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எவ்வளவு நாள் தர வேண்டும் என்பதில் நிபுணர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. மூளைக்குப் பரவிய புற்றுநோயோ ரத்தக்கசிவோ இருந்தால் அந்த மருந்தே சிக்கல். இவற்றை மறைத்து வாதிட வேண்டிய தேவை எனக்கில்லை. ஆனால் ஆபத்தை ஆபத்தோடுதான் ஒப்பிட வேண்டும். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு போட்டு வீட்டில் உட்கார வைப்பதற்கும் விலை உண்டு. ஸ்டீராய்டால் இந்த அடைப்பு தணியும் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை என்று அதே கோக்ரேன் ஆய்வு சொல்கிறது. போதாக்குறைக்கு, நோய் நிணநீர்ப் புற்றாக இருந்தால், பயாப்ஸி எடுக்கும் முன் கொடுத்த ஸ்டீராய்டு கட்டியைச் சுருக்கி, என்ன நோய் என்று கண்டுபிடிப்பதையே குழப்பிவிடும். ஸ்டென்ட் திசுவைத் தொடுவதில்லை. மூச்சைக் கொடுத்து, நிதானமாகப் பயாப்ஸி எடுக்க நேரத்தையும் கொடுக்கிறது.

எல்லோருக்கும் ஸ்டென்ட் என்று நான் சொல்லவில்லை. நிணநீர்ப் புற்று, சிறு செல் புற்று, விந்தக வகைப் புற்று ஆகியவை கீமோவுக்கு விரைவில் கரைபவை, சில குணமாகவும் கூடியவை. தொல்லை மிதமாக இருந்தால் அந்த நோயாளிகளுக்கு நேரே கீமோதான். என் வாதம் கீமோவுக்கு எளிதில் மசியாத புற்றுநோய் உள்ளவர்களையும், எந்த வகையானாலும் மூச்சுத் திணறலோ மூளை வீக்கத்தின் அறிகுறியோ தீவிரமாக இருப்பவர்களையும் பற்றியது. அவர்களுக்கு ஸ்டென்ட் கடைசி வாய்ப்பாக இல்லாமல் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஸ்டென்ட் ஆயுளை நீட்டும் என்றும் யாரும் சொல்லி விற்கக் கூடாது. அது புற்றுநோயைத் தொடுவதே இல்லை.

இங்கேதான் எதிர்த்தரப்பின் கூர்மையான வாதம் வருகிறது. 1984இல் அமான் என்ற அமெரிக்க மருத்துவர், அதுவரை பதிவான ஏறக்குறைய இரண்டாயிரம் நோயாளிகளின் விவரங்களைப் புரட்டிப் பார்த்து, மேற்பெருஞ்சிரை அடைப்பே நேரடிக் காரணமாக இறந்ததாகத் தெளிவாகச் சொல்லத்தக்கவர் ஒரே ஒருவர்தான் என்று எழுதினார். ‘ஆக, இதனால் யாரும் சாவதில்லை, என்ன அவசரம்?’ என்கிறார்கள். அந்த ஆய்வு நல்ல காரியம் ஒன்றைச் செய்தது. நோய் இன்னதென்று தெரியும் முன்பே நள்ளிரவில் கதிர்வீச்சு கொடுக்கும் பதற்றத்தை அது நிறுத்தியது. ஆனால் ‘சாகமாட்டார்’ என்பதிலிருந்து ‘காத்திருக்கட்டும்’ என்பதற்குத் தாவ எந்த வழியும் இல்லை. பல்வலியால்கூட யாரும் சாவதில்லை. சாவை மட்டுமே அளவுகோலாக வைத்தால் வலி நிவாரணம் என்ற துறைக்கே வேலை இல்லை. இறக்கப்போகும் நோயாளிக்கு எதைச் செய்தாலும் அது உயிரைக் காப்பாற்றாது என்று ஒரு கையால் மறுத்துவிட்டு, இந்த அடைப்பு உயிரை எடுக்காது என்று மறு கையாலும் மறுக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து விடியலுக்குக் காத்திருப்பவரை யார் கணக்கில் எடுப்பது?

ஓசூரை ஒட்டிய இந்தக் கர்நாடக எல்லைப் பகுதியின் புவியியல் இன்னொரு காரணம். கதிர்வீச்சு என்றால் திட்டமிடும் ஸ்கேன், வரிசை, பிறகு ஐந்து நாளோ பத்து நாளோ தொடர்ந்து போய்வருவது. ஓசூரிலிருந்து பெங்களூருவுக்கு நாற்பது கிலோமீட்டர்தான். கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையும் பொம்மசந்திராவின் பெரிய மருத்துவமனை வளாகமும் அந்த ஓசூர் சாலையையொட்டித்தான் இருக்கின்றன. ஆனால் அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று நகரும் நெரிசலில், படுக்கவும் முடியாமல் குனியவும் முடியாமல் ஒருவர் தினமும் காருக்குள் உட்கார்ந்து போய்வருவது என்றால் அந்த நாற்பது கிலோமீட்டர் எவ்வளவு தூரம்! தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைப்பக்கத்திலிருந்து வருபவரின் பாடு இன்னும் மோசம். சேலம் போவதென்றால் தூரம் மூன்று நான்கு மடங்கு. போன பின்பு மேசையில் அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும், அதுவும் ஒவ்வொரு முறையும். ஸ்டென்ட்டுக்கும் படுக்கத்தான் வேண்டும். ஆனால் ஒரே முறை, தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தி, பக்கத்தில் மயக்கவியல் மருத்துவர் நிற்க. கூடப்போகும் மகனுக்கோ மனைவிக்கோ ஷிப்டு போனால் அன்றைய கூலி போகிறது. சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஒடிசா, ஜார்கண்ட் தொழிலாளிக்குக் கூடப்போக ஆளே கிடையாது. பத்து நாள் பயணமா, இரண்டு நாள் படுக்கையா என்ற கேள்வி இங்கே சிகிச்சையின் ஒரு பகுதி.

அடுத்து செலவு. பெருஞ்சிரை ஸ்டென்ட் மலிவானதல்ல, அது உண்மை. ஆனால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் இதய ஸ்டென்ட்டுக்கு உச்சவரம்பு கட்டியது. மருந்து பூசியது 29,600 ரூபாய், சாதாரண உலோகம் 7,260 ரூபாய். அதற்கு முன்பு ஒரு லட்சத்தைத் தாண்டியும் விற்றுக்கொண்டிருந்த பொருள் அது. அந்த உத்தரவு இதயத் தமனிக்கானதோடு நின்றுவிட்டது. சிரைக்கு வைப்பதற்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அரசு ஒரு கையெழுத்தில் சரிசெய்யக்கூடிய விலையைக் காட்டி நோயாளியிடம் ‘உங்களுக்கு இது வேண்டாம்’ என்று சொல்வது மருத்துவ முடிவாகாது. கதிர்வீச்சின் செலவைக் கணக்கிடும்போதும் மருத்துவமனை பில்லோடு நிறுத்திவிடுகிறார்கள். வண்டி வாடகை, லாட்ஜ், இழந்த கூலி ஆகியவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்த பிறகு எது வீண் செலவு என்று பேசலாம்.

‘ஸ்டென்ட் என்றாலே தனியார் மருத்துவமனைக்காரர்கள் பிடுங்கத்தான்’ என்ற சந்தேகத்தை நான் சிரித்து ஒதுக்கமாட்டேன். எல்லை தாண்டிப் போய் நகையை அடகு வைத்துத் திரும்பிய குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம். தேவையில்லாதவருக்கு வைக்கப்படும் அபாயமும் உண்மையானது. அதற்கு மருந்து, யாருக்கு வைக்கலாம் என்பதை எழுத்தில் வைப்பது. அளவுகோல் இல்லாமலும் இல்லை. ஜப்பானில் கிஷி குழுவினர் 1993இல் அறிகுறிகளுக்கு மதிப்பெண் போடும் முறையைக் கொடுத்தார்கள், நாலும் அதற்கு மேலும் வந்தால் ஸ்டென்ட் பரிசீலிக்கத் தக்கது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து 2008இல் ஒரு தீவிர வரிசை வந்தது. ஒரு பக்கத் தாளில் அடங்கும் இவற்றைக் காப்பீட்டு அனுமதிக்கு நிபந்தனையாக வைத்தால் பிடுங்குபவரும் தடுக்கப்படுவார், தேவையானவரும் தவிக்கமாட்டார். மோசடி நடக்கலாம் என்பதற்காகச் சிகிச்சையையே மறுத்தால் தண்டனை நோயாளிக்குத்தான் போய்ச் சேருகிறது.

தமிழ்நாட்டுக்கு இது முடியாத காரியமும் அல்ல. மாரடைப்பு நோயாளியைச் சிறு மருத்துவமனையிலிருந்து, குழாய் வழிச் சிகிச்சைக்கான கேத் லேப் உள்ள மருத்துவமனைக்கு விரைவாகக் கொண்டுசேர்க்கும் வலைப்பின்னலை இந்த மாநிலம் கட்டிக் காட்டியது, அதன் பலன் 2017இல் சர்வதேச இதழில் வெளிவந்தது. 2023இல் ஆரம்ப சுகாதார நிலையம்வரை மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொண்டுபோன ‘இதயம் காப்போம்’ திட்டமும் இங்கேதான் வந்தது. மேற்பெருஞ்சிரைக்கும் தேவை அதே கேத் லேப், அதே எக்ஸ்ரே திரை. கூடுதலாக வேண்டியது பயிற்சி பெற்ற இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்டும், அலமாரியில் சில அளவு ஸ்டென்ட்டுகளும். போலுப்பள்ளியில் 2022இல் திறக்கப்பட்ட கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிக்கு இதை உடனே செய்யும் வசதியைக் கேட்பது அதிகம் என்றால், குறைந்தது யாரை எங்கே அனுப்புவது என்ற முன்னேற்பாட்டையாவது கேட்கலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ.யிலும், இதய ஸ்டென்ட்டுக்கு இருக்கும் தெளிவோடு பெருஞ்சிரை ஸ்டென்ட்டும் எழுதப்பட்டிருக்க வேண்டும், அனுமதி ஒரே நாளில் வர வேண்டும்.

அதைவிட முன்னால் நடக்க வேண்டியது, கண்டுபிடிப்பது. 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டதே இந்த மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே வந்து முற்றிய நோயாளிகளைப் பராமரிக்கும் செவிலியர் அந்தத் திட்டத்தில் இருக்கிறார். வீங்கிய முகத்தை முதலில் பார்க்கப்போகிறவர் அவர்தான். காலையில் வீக்கம் அதிகமா, குனிந்தால் தலை வலிக்கிறதா, மார்பில் சிரை புடைத்திருக்கிறதா, எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறார் என்ற நாலு கேள்வியும், கையில் டிரிப் போடக் கூடாது என்ற ஒரு எச்சரிக்கையும் அவருக்குச் சொல்லிக்கொடுக்க அரை நாள் பயிற்சி போதும். அனுப்பும் சீட்டில் ‘முகவீக்கம்’ என்று மட்டும் எழுதினால் பெரிய மருத்துவமனையின் வெளிநோயாளி வரிசையில் அந்தச் சீட்டு கடைசிக்குப் போய்விடும். ‘மேற்பெருஞ்சிரை அடைப்பாக இருக்கலாம், மூன்று இரவாகப் படுக்க முடியவில்லை’ என்று எழுதினால் அதைப் படிப்பவர் அன்றே சி.டி. ஸ்கேனுக்கு அனுப்புவார்.